அல்ஸைமர் நோயும் மூளையின் உலோகச் சமநிலையும்

அல்ஸைமர் நோயால் மரித்த ஒருவருடைய மூளையிலிருந்து மெல்லிய சீவல் ஒன்றை எடுத்து, அதன்மேல் மிக நுண்ணிய புரோட்டான் கற்றையைப் பாய்ச்சினால், கற்றை படுகின்ற இடத்திலுள்ள உலோகங்கள் ஒவ்வொன்றும் தனக்கே உரிய எக்ஸ் கதிரை வெளியிட்டுத் தான் அங்கே இருப்பதையும் தன் அளவையும் அறிவித்துவிடும். 1998-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கென்டக்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லவல், மார்க்ஸ்பெரி முதலியோர் இம்முறையில் ஆராய்ந்தபோது, அந்நோயின் அடையாளமாகிய அமிலாய்டுப் படிவுகளில் துத்தநாகமும் இரும்பும் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமோல் அளவிலும், செம்பு 0.4 மில்லிமோல் அளவிலும் செறிந்திருக்கக் கண்டார்கள். நோயற்ற மூளைத் திசுவோடு ஒப்பிடுகையில் முதலிரண்டும் மும்மடங்கு. செம்போ ஐந்து மடங்குக்கும் மேல். ஆனால் படிவுகளைத் தனியே நோக்காமல், நோயுற்ற மூளைப் புறணியின் ஒரு பகுதியை முழுவதுமாகக் கரைத்து அளந்த ஆய்வுகள் பலவற்றில் செம்பின் அளவு, அதே வயதுடைய ஆரோக்கியமான மூளையில் உள்ளதைவிடக் குறைந்தே காணப்பட்டது. ஆகவே ஒரே மூளையில், மயிரிழை அகலத்துக்குள்ளாகவே, செம்பு மிகையாகவும் இருக்கிறது, பற்றாக்குறையாகவும் இருக்கிறது.

இந்த விபரீதத்தை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஞாபகத்தை அழிக்கும் இவ்வியாதிக்கு எந்த உலோகம் காரணம் என்று அறுபது ஆண்டுகளாக விஞ்ஞானிகள் கேட்டு வந்திருக்கிறார்கள். அலுமினியம், துத்தநாகம், செம்பு, இரும்பு என ஒவ்வொன்றாகக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டு, அவற்றை உடலிலிருந்து அகற்றும் சிகிச்சைகளும் பிரயோகித்துப் பார்க்கப்பட்டன. அந்தச் சிகிச்சைகள் பெரும்பாலும் பலிக்கவில்லை; அண்மையில் முடிவு தெரிந்த ஒன்று நோயாளிகளுக்குத் தீமையையே விளைத்தது. என் அபிப்பிராயத்தில் இத்தோல்விகளுக்கெல்லாம் மூலகாரணம், உலோகத்தின் மொத்த அளவையே விசாரித்துவிட்டு, அது எவ்விடத்தில், எந்தப் புரதத்தின் பிடியில், எந்த ரசாயன நிலையில் இருக்கிறது என்பதைப் போதிய அளவு விசாரியாமற்போனதுதான்.

உலோகம் என்றதும் மூளைக்குள் புகுந்துவிட்ட அந்நியப் பொருள் என்று எண்ணிவிடலாகாது. வளர்ந்த மனித சரீரத்தில் மூன்று முதல் நான்கு கிராம் இரும்பும், சுமார் இரண்டு கிராம் துத்தநாகமும், கிராமில் பத்தில் ஒரு பங்கு செம்பும் இருக்கின்றன. இவையின்றி மூளை ஒரு கணமும் இயங்காது. உடலின் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆன மூளை, நாம் உட்கொள்ளும் பிராணவாயுவில் நூற்றுக்கு இருபது பங்கைத் தனக்கெனச் செலவிட்டுக்கொள்வதற்கு, சுவாசத்தின் கடைசிப் படியை நடத்தும் சைட்டோகுரோம் ஆக்ஸிடேஸ் என்னும் என்ஸைமில் செம்பும் இரும்பும் இணைந்து தொழில்புரிவதே ஆதாரம். டோபமைனை உண்டாக்கும் என்ஸைமுக்கும், நரம்பிழைகளைப் போர்த்தியிருக்கும் மயலின் உறையை ஆக்குவதற்கும் இரும்பு வேண்டும். துத்தநாகமோ, ஞாபகத்தின் முக்கிய ஸ்தானமாகிய ஹிப்போகாம்பஸ் பகுதியில், நரம்பணுக்கள் ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொள்ளும் சந்திப்புகளிலுள்ள நுண்ணிய பைகளில் சேர்த்து வைக்கப்பட்டு, செய்தி பாயும்போதெல்லாம் வெளியே விடப்பட்டு மீண்டும் உள்வாங்கப்படுகிறது.

ஆனால் இரும்பையும் செம்பையும் இன்றியமையாதவை ஆக்கும் அதே குணமே அவற்றை ஆபத்தானவையாகவும் ஆக்குகிறது. எலெக்ட்ரானை எளிதில் கொடுத்தும் வாங்கியும் நிலைமாறக்கூடிய இவ்வுலோகங்கள், புரதத்தின் கட்டுக்குள் இருக்கும் வரையில் சுவாசத்துக்கு உதவுகின்றன; கட்டவிழ்ந்து தனித்துத் திரிந்தாலோ, 1894-இல் இங்கிலாந்தில் ஃபென்டன் என்னும் ரசாயன அறிஞர் எடுத்துக்காட்டிய வினையின்படி, ஹைட்ரஜன் பெராக்ஸைடைப் பிளந்து, அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபணுப் பொருளையும் கண்டபடி தாக்கும் உக்கிரமான துணுக்குகளை உண்டாக்குகின்றன. ஆகையினால் உயிரணுக்கள் இவற்றைக் கடுங்காவலில் வைத்திருக்கின்றன. 1999-இல் ஈஸ்ட் உயிரணுக்களை ஆராய்ந்த ஓஹாலரன் குழுவினர், எந்தப் புரதத்தோடும் சேராமல் தனித்திருக்கும் செம்பு ஓர் உயிரணுவுக்கு ஓர் அணு என்ற கணக்குக்கும் குறைவு என்று கண்டது, அக்காவல் எத்துணைக் கடுமையானது என்பதை உணர்த்தும். இரும்புக்கு ஃபெரிட்டின் என்னும் புரதம் அமைந்திருக்கிறது. விளைந்த நெல்லை உழவன் குதிரில் கொட்டி மூடிவைத்து வேண்டும்போது மட்டும் எடுப்பதுபோல், கோளவடிவான இப்புரதம் தன் உட்குழிவில் 4,500 இரும்பு அணுக்கள் வரையில் அடக்கிவைத்துத் தேவைக்கேற்ப விடுவிக்கிறது.

இக்காவல் பிறவியிலேயே பழுதுபட்டால் என்ன நேரும் என்பதற்கு இரண்டு நோய்கள் சாட்சி. 1912-இல் லண்டனில் கின்னியர் வில்சன் விவரித்த நோயில், ஈரலும் மூளையும் செம்பு மிகுந்து சிதைகின்றன. 1956-இல் வால்ஷ் என்பவர் பெனிஸிலமைன் என்னும் மருந்தால் அச்செம்பைப் பிணித்து வெளியேற்றலாம் என்று காட்டியபின், அதுவரை மரணத்தில் முடிந்துகொண்டிருந்த அவ்வியாதி சிகிச்சைக்கு வசப்பட்டது. 1962-இல் மென்க்கீஸ் விவரித்த குழந்தை நோயிலோ, செம்பு குடலிலேயே தங்கிவிட்டு மூளைக்குப் போய்ச் சேராமையால், தலைமயிர் திரித்த கம்பிபோல் முறுக்குண்டு மூளை வளர்ச்சி குன்றிக் குழந்தை இளமையிலேயே மடிகிறது. இவ்விரு நோய்களுக்கும் பொறுப்பான மரபணுக்கள், செம்பைக் கொண்டுசெல்லும் நெருங்கிய உறவுடைய இரண்டு புரதங்களுக்கு உரியவை என்று 1993-இல் தெரியவந்தது. வில்சன் நோயில் கிடைத்த வெற்றி மருத்துவ உலகத்தின் கற்பனையைப் பெரிதும் கவர்ந்தது. உலோகம் சேர்ந்ததனால் நோய், அகற்றினால் குணம் என்னும் எளிய சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. மென்க்கீஸ் நோய் கற்பித்த பாடம் அதே அளவு கவனத்தைப் பெறவில்லை என்பது வருந்தத்தக்கது.

அச்சூத்திரம் முதன்முதலில் பிரயோகிக்கப்பட்டது அலுமினியத்தின்மேல். 1965-இல் கிளாட்ஸோ முதலியோர் முயல்களின் மூளையில் அலுமினிய உப்பைச் செலுத்தியபோது, நரம்பணுக்களுக்குள்ளே அல்ஸைமர் நோயில் காணும் இழைச் சிக்கல்களைப் போன்ற தோற்றம் உண்டாயிற்று. 1973-இல் டொரான்டோ நகரில் கிராப்பர், கிருஷ்ணன், டால்ட்டன் மூவரும் அல்ஸைமர் நோயாளிகளின் மூளையின் சில பகுதிகளில் அலுமினியம் மிகுந்திருப்பதாக அறிவித்தார்கள். சிறுநீரகம் பழுதுபட்டு டயாலிஸிஸ் செய்துகொண்ட நோயாளிகள் சிலர் பேச்சுத் தடுமாறி, வலிப்புக் கண்டு, அறிவு மயங்கி இறந்ததை ஆராய்ந்த ஆல்ஃப்ரே குழுவினர், அவர்களுடைய மூளையின் சாம்பல் நிறப் பகுதியில் அலுமினியம் பத்து மடங்குக்கு மேல் ஏறியிருந்ததை 1976-இல் வெளியிட்டனர். இம்மூன்றும் சேர்ந்தபோது பொதுமக்களின் மனத்தில் ஒரு பீதி குடிகொண்டதில் வியப்பில்லை. அலுமினியப் பாத்திரத்தில் சமைக்கலாமா என்ற கேள்வி நம்முடைய வீடுகளிலும் இன்றுவரை ஓயவில்லை.

ஆயினும் ஒவ்வொரு சாட்சியமும் நெருங்கிப் பார்க்கையில் தளர்ந்தது. முயலின் மூளையில் தோன்றிய இழைகள் நேரானவை. அல்ஸைமர் நோயிலோ இழைகள் இரண்டிரண்டாகத் திருகிப் பிணைந்தவை என்று எலெக்ட்ரான் நுண்ணோக்கி காட்டிற்று. டயாலிஸிஸ் நோயாளிகளின் மயக்கம் அலுமினிய விஷத்தால் நேர்ந்தது என்பதில் ஐயமில்லை; டயாலிஸிஸுக்குப் பயன்படுத்திய நீரைச் சுத்தப்படுத்தியதும் அது மறைந்தது; ஆனால் அவர்களுடைய மூளையில் அல்ஸைமர் நோய்க்கு உரிய மாறுதல்கள் காணப்படவில்லை. 1992-இல் ஆக்ஸ்ஃபர்டில் லான்ட்ஸ்பெர்க், வாட் முதலியோர், சாயம் ஏற்றாத மூளைத் திசுவை அணுக்கற்றை நுண்ணோக்கியால் ஆராய்ந்து, படிவுகளின் மையத்தில் அலுமினியமே இல்லை என்றும், முன்பு கண்டதாகச் சொல்லப்பட்டது ஆய்வகத்துத் திராவகங்களிலிருந்தும் தூசியிலிருந்தும் வந்து கலந்ததாகலாம் என்றும் எடுத்துரைத்தனர். எங்கும் பரந்து கிடக்கும் ஓர் உலோகத்தைக் கோடியில் சில பங்கு என்னும் நுட்பத்தில் அளக்க முற்படுவோர்க்கு இதைவிடப் பெரிய எச்சரிக்கை இருக்க முடியாது. புளியும் தக்காளியும் சேர்ந்த குழம்பு அலுமினியச் சட்டியில் கொதிக்கும்போது சிறிது அலுமினியம் அதில் இறங்குவது உண்மையே. எனினும் உணவோடு வயிற்றுக்குள் போகும் அலுமினியத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவாகவே இரத்தத்தில் சேர்கிறது. சிறுநீரகம் செவ்வனே வேலை செய்பவர்களிடம் அதுவும் வெளியேறிவிடுகிறது. பாத்திரத்தை மாற்ற விரும்புவோர் மாற்றலாம். மறதி நோய்க்கு அஞ்சி மாற்றவேண்டிய அவசியம் இல்லை.

அலுமினிய விசாரணையில் ஒரு சம்பவம் தனியே கவனிக்கத்தக்கது. டொரான்டோ குழுவினர் 48 நோயாளிகளைக் கொண்டு இரண்டு ஆண்டுகள் நடத்தி 1991-இல் வெளியிட்ட பரிசோதனையில், டெஸ்ஃபெரியாக்ஸமைன் என்னும் மருந்தை ஊசிமூலம் பெற்றவர்கள் அன்றாடக் காரியங்களைச் செய்யும் திறனை மற்றவர்களைவிட மெதுவாகவே இழந்தார்கள். அலுமினியத்தை அகற்றியதன் பலன் இது என்று அப்போது சொல்லப்பட்டது. அம்மருந்தோ முதன்மையாக இரும்பைப் பிணிப்பது. பலன் உண்மையானால் அதற்குக் காரணம் இரும்பாகவும் இருக்கலாமே என்ற சந்தேகம் அன்றே விதைக்கப்பட்டு, பல ஆண்டுகள் கழித்து வேறோர் இடத்தில் முளைத்தது.

இதற்கிடையே நோயின் உட்பொருளைப் பற்றிய அறிவு வேறொரு பாதையில் முன்னேறிற்று. 1906-இல் டூபிங்கன் நகரத்து மாநாட்டில் அலாய்ஸ் அல்ஸைமர், ஃபிராங்ஃபர்ட் மனநோய் விடுதியில் தாம் கவனித்து வந்த பெண்மணியின் மூளையைப் பற்றி உரையாற்றியபோது சுட்டிக்காட்டிய படிவுகளும் இழைச் சிக்கல்களும் எவற்றால் ஆனவை என்பது முக்கால் நூற்றாண்டுக்கு மேல் புலப்படாமலே இருந்தது. 1984-இல் கிளென்னரும் வாங்கும், மறு ஆண்டில் மாஸ்டர்ஸும் பேராய்தரும், அப்படிவுகளின் முதற்பொருள் நாற்பது சொச்சம் அமினோ அமிலங்களால் ஆன அமிலாய்டு பீட்டா என்னும் சிறு புரதத் துண்டு என்று நிரூபித்தார்கள். ஆனால் அத்துண்டு ஆரோக்கியமானவர்களின் மூளையிலும் நாள்தோறும் உற்பத்தியாகிக் கரைந்த நிலையிலேயே கழிந்துவிடுகிறது. சிலரிடம் மட்டும் அது ஏன் உறைந்து படிகிறது?

1994-இல் ஆஷ்லி புஷ், ருடால்ஃப் டான்ஸி முதலியோர் இக்கேள்விக்குத் தந்த விடை, என் மதிப்பில், இத்துறையின் மிக அழகிய பரிசோதனைகளில் ஒன்று. கண்ணாடிக் குழலில் கரைந்திருந்த மனித அமிலாய்டு பீட்டாவுடன் சிறிதளவு துத்தநாகத்தைச் சேர்த்த சிறு நேரத்துக்குள் அது திரண்டு உறைந்துவிட்டது. எலியின் அமிலாய்டு பீட்டாவோ அவ்வளவு துத்தநாகத்துக்கு அசையவில்லை. மனிதனுடைய துண்டுக்கும் எலியினுடையதற்கும் மூன்றே மூன்று அமினோ அமிலங்களில்தான் வேற்றுமை. அவற்றுள் ஒன்று, பதின்மூன்றாம் இடத்தில் மனிதனிடம் உள்ள ஹிஸ்டிடின் எலியிடம் இல்லாமை. ஹிஸ்டிடின் என்பது செம்பையும் துத்தநாகத்தையும் இறுகப் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. வயது முதிர்ந்த சாதாரண எலிகளுக்கும் சுண்டெலிகளுக்கும் மூளையில் இப்படிவுகள் தாமாகத் தோன்றுவதில்லை என்னும் பழைய புதிருக்கு, இதிலே ஒரு துப்பாவது கிடைத்ததென்று சொல்லலாம்.

துத்தநாகத்தை நரம்புச் சந்திப்பின் பைகளுக்குள் ஏற்றும் புரதம் ஒன்று உண்டு. அதற்குரிய மரபணுவை நீக்கிய சுண்டெலிகளை, மனித அமிலாய்டு சேரும்படி மாற்றிய சுண்டெலிகளோடு கலப்பினம் செய்து 2002-இல் கொரியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, படிவுகள் வெகுவாகக் குறைந்தன. பெண் சுண்டெலிகளிடம் படிவு மிகுதி என்றிருந்த வேற்றுமையும் மறைந்தது. இதைப் படித்தவுடன் துத்தநாகத்தை அகற்றிவிடலாமே என்று தோன்றும். ஆனால் அதே மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகள், அமிலாய்டு ஏதும் இல்லாமலே, நடுவயதை எட்டுமுன் கற்கும் திறனையும் நினைவையும் இழக்கின்றன என்று 2010-இல் அட்லார்டு குழுவினர் கண்டார்கள். படிவை உறையவைக்கும் துத்தநாகமும் ஞாபகத்தைப் பேணும் துத்தநாகமும் ஒன்றே. படிவில் சிக்கிக்கொள்ளும் அளவுக்குச் சந்திப்புகளில் அது குறைந்துபோகிறது என்ற அனுமானம் இங்கிருந்துதான் வலுப்பெற்றது.

செம்பின் கதை இன்னும் சிக்கலானது. அமிலாய்டு பீட்டாவின் பிடியில் அகப்பட்ட செம்பு சும்மா கிடப்பதில்லை. எலெக்ட்ரானை வாங்கிப் பிராணவாயுவுக்குக் கொடுத்து ஹைட்ரஜன் பெராக்ஸைடை ஓயாது உண்டாக்குகிறது என்று 1999-இல் தெரிந்தது. அப்படியானால் செம்பு தீங்கானது என்ற முடிவுக்கு வருவோர் 2003-ஆம் ஆண்டின் ஒரே விஞ்ஞானப் பத்திரிகையைப் புரட்டிப் பார்க்கவேண்டும். அதில் ஸ்பார்க்ஸ், ஷ்ரூர்ஸ் இருவரும், கொழுப்பு மிகுந்த உணவுண்ட முயல்களுக்குக் குடிநீரில் பத்து லட்சத்தில் 0.12 பங்கு என்னும் மிகச் சொற்பமான செம்பைச் சேர்த்தபோது அமிலாய்டு பெருகிக் கற்கும் திறன் குன்றியது என்று எழுதினார்கள். அதே ஆண்டில் அதே பத்திரிகையில் ஜெர்மனியின் பேயர் முதலியோர், அமிலாய்டு சேரும் சுண்டெலிகளுக்குச் செம்பை மிகுதியாகக் கொடுத்தபோது அமிலாய்டு குறைந்து ஆயுள் நீண்டது என்று எழுதினார்கள். இரண்டும் கவனமாகச் செய்யப்பட்ட பரிசோதனைகள். முன்னதில் செம்பு இரத்தத்தின் வழியே மூளைக்கு வெளியே தொல்லை செய்தது என்றும், பின்னதில் செம்பின்றி வாடிய உயிரணுக்களுக்கு அது போய்ச் சேர்ந்தது என்றும் கொண்டால் முரண்பாடு நீங்கும். அப்படிக் கொள்வதே நியாயம் என்று நான் கருதுகிறேன். பின்னர் ஜெர்மனியில் லேசான நோயுடைய 68 பேருக்கு நாளொன்றுக்கு 8 மில்லிகிராம் செம்பை ஓராண்டு கொடுத்து 2008-இல் முடிவை வெளியிட்டபோது, நன்மையும் இல்லை, தீமையும் இல்லை என்றாயிற்று. வாய்வழியே விழுங்கும் செம்பு, வேண்டிய இடத்துக்குத் தானே வழி கண்டுபிடித்துப் போவதில்லை.

படிவுக்குள் சென்ற செம்பு அடையும் நிலை எத்தகையது என்பதற்கு 2021-இல் ஒரு வியத்தகு சான்று கிடைத்தது. இங்கிலாந்தின் கீல், வார்விக் பல்கலைக்கழகங்களைச் சேர்ந்தோர் முதலான குழுவினர், அல்ஸைமர் நோயால் இறந்த இருவருடைய மூளையிலிருந்து பிரித்தெடுத்த படிவு மையங்களைச் சின்க்ரோட்ரான் எக்ஸ் கதிரால் ஆராய்ந்தபோது, உப்பாகவோ ஆக்ஸைடாகவோ அல்லாமல், காசிலும் கம்பியிலும் உள்ளது போன்ற தனி உலோகமாகவே செம்பும் இரும்பும் நுண்துகள்களாக அங்கே இருக்கக் கண்டனர். உயிருள்ள மனித திசுவில் இரும்பு அத்தகைய நிலையில் தங்கும் என்று ரசாயனம் கற்ற எவரும் எதிர்பார்த்திரார். ஏதோ ஒரு வலிய எலெக்ட்ரான் பரிமாற்றம் அப்படிவுகளுக்குள் நடந்திருக்கவேண்டும்.

இவ்வுலோகங்களை அகற்றாமல் இடம் மாற்றினால் என்ன என்னும் யோசனையிலிருந்து எழுந்ததே கிளியோக்வினால் பரிசோதனை. இம்மருந்துக்கு ஒரு துயரமான பூர்வ சரித்திரம் உண்டு. வயிற்றுப்போக்குக்குத் தாராளமாக வழங்கப்பட்டு வந்த இது, ஜப்பானில் ஏறத்தாழ பதினாயிரம் பேருக்குக் கால் மரத்துப் பார்வை மங்கும் நரம்பு நோயைத் தந்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டு 1970-இல் அங்கே தடைசெய்யப்பட்டது. செம்பையும் துத்தநாகத்தையும் மிதமாகப் பற்றி, உயிரணுவின் சவ்வைக் கடந்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிடும் அதன் இயல்பைக் கருதி, 2001-இல் செர்னி முதலியோர் அதை ஒன்பது வாரம் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோது மூளையிலிருந்த அமிலாய்டில் 49 சதவீதம் குறைந்தது. மெல்பர்னில் 36 நோயாளிகளுக்குக் கொடுத்து 2003-இல் வெளியான முடிவில், நோய் சற்று முற்றியவர்களிடம் சரிவு தணிந்ததாகத் தெரிந்தது. அம்மருந்தின் வழித்தோன்றலாகிய பிபிடி2 என்பது 78 பேரிடம் பன்னிரண்டு வாரம் பரிசோதிக்கப்பட்டு 2008-இல் முதுகுத்தண்டுத் திரவத்தில் அமிலாய்டைக் குறைத்தும், திட்டமிடும் திறனைச் சோதிக்கும் இரண்டு தேர்வுகளில் முன்னேற்றம் காட்டியும் பெரும் ஆவலை எழுப்பிற்று. ஆனால் ஓராண்டு நீண்ட அடுத்த பரிசோதனை 2014-இல் எதிர்பார்த்த பலனைக் காட்டாமல் முடிந்தது. யோசனை தவறாகாது என்றே இன்றும் நினைக்கிறேன். 42 பேரை மட்டும் கொண்டு நடந்த பரிசோதனை, அதை மெய்ப்பிக்கவும் போதாது, பொய்ப்பிக்கவும் போதாது.

இரும்புக்கு வருவோம். 1953-இலேயே லூயிஸ் குட்மன் என்பவர், அல்ஸைமர் நோயாளிகள் 23 பேரின் மூளையை ஆராய்ந்து இரும்பின் மிகுதியைக் குறிப்பிட்டிருந்தார். 1958-இல் ஸ்வீடனின் ஹால்கிரெனும் சூரான்டரும், நோயற்றவர்களின் மூளையிலும் இளமையிலிருந்து இரும்பு ஏறுவதை வயது வாரியாக அளந்து காட்டினர். ஆகவே வயதோடு இரும்பு சேர்வது இயற்கை. அந்த இயற்கை எந்த எல்லையில் நோயாகிறது என்பதே கேள்வி. 2015-இல் ஏய்ட்டன், புஷ் முதலியோர், அமெரிக்காவில் 302 பேரின் முதுகுத்தண்டுத் திரவத்தில் ஃபெரிட்டினை அளந்து ஏழாண்டு வரையில் தொடர்ந்த விவரங்களை ஆராய்ந்து, ஃபெரிட்டின் மிகுந்தவர்கள் அறிவுத் தேர்வுகளில் பின்தங்குவதையும், லேசான மறதியிலிருந்து முழு நோய்க்கு விரைந்து செல்வதையும் கண்டார்கள். அல்ஸைமர் நோய்க்குப் பெரிய மரபுக் காரணமாகிய ஏபோஇ4 மரபணு உள்ளவர்களிடம் ஃபெரிட்டின் கூடுதலாக இருந்தது.

இன்னொரு உறவும் உண்டு. அதை நான் மிக முக்கியமானதாக மதிக்கிறேன். அமிலாய்டு பீட்டா எந்தப் பெரிய புரதத்திலிருந்து நறுக்கப்படுகிறதோ அந்த மூலப் புரதத்தின் செய்தி ஆர்என்ஏயில், ஃபெரிட்டினின் செய்தியில் இருப்பது போன்றே, இரும்பின் அளவுக்கு இணங்கும் பகுதி ஒன்று இருப்பதை 2002-இல் ராஜர்ஸ் குழுவினர் காட்டினர். உயிரணுவில் இரும்பு ஏறினால் அப்புரதத்தின் உற்பத்தியும் ஏறுகிறது. அப்புரதமே உயிரணுவிலிருந்து இரும்பு வெளியேறத் துணைபுரிகிறது என்று 2010-இல் வந்த ஆய்வின் நுணுக்கங்கள் சர்ச்சைக்கு உள்ளாயினும், இழைச் சிக்கலை உண்டாக்கும் டாவ் புரதம் இல்லாத சுண்டெலிகளின் மூளையில் வயது ஏற ஏற இரும்பு தேங்குகிறது என்று 2012-இல் தெரியவந்தது. நோயின் முத்திரைகளாக நாம் காணும் இரண்டு புரதங்களும் இவ்வாறு உலோகத்தைப் பரிபாலிக்கும் தொழிலில் சம்பந்தப்பட்டவையே என்றால், உலோகச் சமநிலை குலைவதை நோயின் பின்விளைவாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

இத்தனை சாட்சியங்களுக்குப் பிறகு, இரும்பை அகற்றிப் பார்ப்பது என்னும் முடிவு தவிர்க்க இயலாததாயிற்று. தலசீமியா நோயாளிகளுக்கு இரத்தம் ஏற்றுவதால் சேரும் இரும்பை நீக்குவதற்கென்று வழக்கத்திலுள்ள டெஃபெரிப்ரோன், மூளைக்குள்ளும் செல்லக்கூடியது. ஆஸ்திரேலியாவில் ஆரம்ப நிலையிலிருந்த 81 பேரைச் சேர்த்து, சிலருக்கு அம்மருந்தையும் சிலருக்கு வெறும் மாத்திரையையும் ஓராண்டு கொடுத்து நடந்த பரிசோதனையின் முடிவு 2024-இல் வெளியாயிற்று. ஹிப்போகாம்பஸில் இரும்பு குறைந்தது. காந்த அலைப் படத்தில் அது தெளிவாகத் தெரிந்தது. ஆனால் மருந்தை உண்டவர்களின் அறிவு, உண்ணாதவர்களைவிட விரைவாகச் சரிந்தது. முன்மூளைப் பகுதிகள் சுருங்குவதும் மிகுந்தது. இதற்கு முன்பே 2022-இல், பார்க்கின்ஸன் நோயாளிகள் 372 பேரிடம் அதே மருந்து தீங்கையே செய்திருந்தது.

நல்லெண்ணத்தோடு தம்மை ஒப்புக்கொடுத்த அந்த நோயாளிகளுக்கும் அவர்களுடைய குடும்பத்தினருக்கும் நாம் பட்டிருக்கும் கடனைத் தீர்க்கும் வழி, அம்முடிவை மூடி மறைக்காமல் அதன் பொருளை உணர்வதே. இரும்பு மொத்தத்தில் மிகுந்த மூளையிலும், மயலினை ஆக்கும் உயிரணுவுக்கும் சுவாச என்ஸைம்களுக்கும் அது ஏற்கனவே பற்றாமல் இருந்திருக்கலாம். எல்லா இரும்பையும் ஒருபடித்தாகப் பிணிக்கும் மருந்து, தேங்கிக் கிடந்த இரும்போடு உழைத்துக்கொண்டிருந்த இரும்பையும் சேர்த்துப் பறித்துவிட்டது என்று நான் ஊகிக்கிறேன். இன்று நடைமுறைக்கு வந்துள்ள, அமிலாய்டைக் கரைக்கும் லெக்கனிமாப் போன்ற மருந்துகளைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டும். பதினெட்டு மாதத்தில் நோயின் சரிவை அவை ஓரளவு தணிக்கின்றன. ஆனால் சிலருக்கு மூளையில் நுண்ணிய இரத்தக் கசிவை உண்டாக்குகின்றன. கசிந்த இரத்தத்தின் இரும்பு அவ்விடத்திலேயே படிந்துவிடுகிறது. படிவோடு சேர்ந்து அதன் செம்பும் துத்தநாகமும் எங்கே போகின்றன என்பதையும் அந்தச் சிகிச்சையை நடத்துவோர் விசாரிக்கவேண்டும் என்பது என் வேண்டுகோள்.

2025-ஆம் ஆண்டின் ஆகஸ்டு மாதத்தில் இவ்விசாரணையில் எதிர்பாராத ஓர் உலோகம் வந்து சேர்ந்தது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் புரூஸ் யாங்க்னர் தலைமையில், இறந்தவர்களின் மூளையிலும் இரத்தத்திலும் 27 உலோகங்களை அளந்தவர்கள், லேசான மறதி தொடங்கிய நிலையிலேயே மூளையின் முன்பகுதியில் கணிசமாகக் குறைந்திருந்தது லித்தியம் ஒன்றே என்று கண்டார்கள். குறைவுக்கு ஒரு காரணமும் தெரிந்தது: அமிலாய்டுப் படிவுகள் லித்தியத்தைத் தம்பால் ஈர்த்துவைத்துக்கொள்ள, சுற்றியுள்ள திசு அதை இழக்கிறது. சுண்டெலிகளின் உணவிலிருந்து லித்தியத்தை நீக்கி மூளையில் அதன் அளவைப் பாதியாக்கியபோது அமிலாய்டும் டாவ் மாறுதலும் விரைந்து பெருகின. படிவில் எளிதில் சிக்காத லித்தியம் ஓரடேட்டை மிகச் சிறிய அளவில் கொடுத்தபோது அம்மாறுதல்கள் தடைப்பட்டு, இழந்த நினைவும் திரும்பிற்று. மாத்திரையின் அளவைக் கூட்டுவதை விட்டு, படிவின் பிடியில் விழாத உப்பைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதில்தான் இந்த ஆய்வின் நுட்பம் இருக்கிறது. உலோகத்தின் இடத்தை முதலில் விசாரித்துப் பின்பு மருந்தை வகுத்த முறை இது.

சுண்டெலியில் கண்டது மனிதனிடம் பலிக்குமா என்பதை ஒழுங்கான மருத்துவப் பரிசோதனைகளே சொல்லவேண்டும். அதற்குள் இச்செய்தியைக் கேட்டு, மறதி கண்ட முதியவர்களுக்கு லித்தியத்தைக் கடையில் வாங்கிக் கொடுக்க முற்படும் பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுடைய தவிப்பு எனக்குப் புரிகிறது. 1949-இல் ஆஸ்திரேலியாவின் ஜான் கேட் மனநோய்க்கு அதைப் பயன்படுத்தத் தொடங்கியதற்குப் பின், இரத்தத்தில் அதன் அளவு சற்றே மிகுந்தாலும் விஷமாகும் என்பதையும், நாளடைவில் சிறுநீரகத்தையும் தைராய்டையும் கெடுக்கக்கூடும் என்பதையும் வைத்தியர்கள் அறிந்திருக்கிறார்கள். முதுமையில் சிறுநீரகம் ஏற்கனவே தளர்ந்திருக்கும். இரத்த அழுத்தத்துக்கு உண்ணும் சில மாத்திரைகள் லித்தியத்தை உடலிலேயே தேக்கிவிடும். மருத்துவர் சொல்லி, இரத்தத்தை அவ்வப்போது சோதித்துப் பார்த்தாலன்றி அதைத் தொடவேண்டாம்.